மெஷினைப் பார்த்துச் சேராதே, பாப்பா

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சண்டை நடந்தது. கைகலப்பு இல்லை, வாய்ச்சண்டைதான். அடுத்த தெருக்காரர் ஒருவர், எனக்குத் தம்பி முறை, தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மூன்று வருடம் எம்.எஸ். கண் மருத்துவமும் முடித்துவிட்டாள். விக்கிரமங்கலத்துப் பிள்ளை ஒன்று கண் டாக்டராகி நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு நிறைந்து போயிற்று. அடுத்ததாகக் கண்புரை அறுவை சிகிச்சையில் ‘ஃபெல்லோஷிப்’ சேர வேண்டுமாம். எங்கே சேரலாம் என்று பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பெண் சொல்லியிருக்கிறாள். அப்பா முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“அண்ணே, சென்னையில ஒரு பெரிய ஆஸ்பத்திரி. உள்ளே போனா ஏர்போர்ட் மாதிரி இருக்கு. கோடிக்கணக்குல லேசர் மெஷின் வாங்கி வச்சிருக்காங்க. அங்கேயே சேர்த்துடலாம்னு இருக்கேன். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்றார்.

நான் பெண்ணைப் பார்த்துக் கேட்டேன். “பாப்பா, எம்.எஸ். படிச்ச மூணு வருஷத்துல ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நீயே செஞ்ச புரை ஆபரேஷன் எத்தனை இருக்கும்?”

அவள் அப்பா முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு எண்ணைச் சொன்னாள். இரண்டு கை விரல்களுக்குள் அடங்குகிற எண். “மத்ததெல்லாம் சீனியருக்கு அசிஸ்ட் பண்ணினேன் பெரியப்பா.”

“அப்படின்னா மெஷினைப் பார்த்துச் சேராதே. உன் கைக்கு எத்தனை கண்ணு குடுப்பாங்கன்னு பார்த்துச் சேரு. முதல்ல கையால புரை எடுக்கக் கத்துக்கிட்டு அப்புறம் மெஷினுக்குப் போ” என்றேன்.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னண்ணே நீங்க! நிலத்தை வித்துப் படிக்க வச்சிருக்கேன். திரும்பவும் முகாம், இலவசம்னு அனுப்பச் சொல்றீங்களே. உங்க காலம் வேற, இப்ப காலம் வேற” என்று எழுந்துவிட்டார். கொடுத்த காப்பி பாதி டம்ளரில் அப்படியே இருந்தது.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறதா என்று ஒரு வாரமாக யோசித்தேன். கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் படிப்பார் என்று தெரியும்.

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் ஊராகப் போய் டார்ச் அடித்துப் பார்த்து, புரை உள்ளவர்களைப் பட்டியல் எடுத்து, வேனில் ஏற்றி அனுப்பி, திரும்பி வந்த பிறகு கட்டு அவிழ்த்து, சொட்டு மருந்து விடச் சொல்லிக்கொடுத்தவன். ஆபரேஷன் செய்த டாக்டருக்கு அந்தக் கண் அன்றோடு முடிந்துவிடும். எனக்கு அந்த ஆள் டீக்கடையில், பஸ்ஸில், ரேஷன் கடையில் தினமும் எதிரே வருவார். யார் கை நல்ல கை என்று ஊருக்குள் இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

ஃபெல்லோஷிப் என்றால் என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியாது. எம்.எஸ். என்பது பட்டம். அதற்குப் பிறகு ஒரு கண் மருத்துவமனையில் சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட பிரிவில் மட்டும் கைப்பயிற்சி எடுப்பதுதான் ஃபெல்லோஷிப். சில வாரப் பயிற்சியும் உண்டு, இரண்டு வருடம் போகிறதும் உண்டு. விழித்திரை, கருவிழி, கண்நீர் அழுத்தம், குழந்தைகள் கண் என்று பல பிரிவுகள். கண்புரையும் அதில் ஒன்று. இங்கே யாராவது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கண் டாக்டர் என்றாலே புரை எடுப்பவர் என்றுதானே ஊர் நினைக்கிறது? மூன்று வருடம் கண்ணையே படித்த பிள்ளை, புரை எடுக்கக் கற்றுக்கொள்ள இன்னொரு இடத்துக்கு ஏன் போக வேண்டும்?

காரணம், பல கல்லூரிகளில் பட்டம் கிடைக்கிறது, கை கிடைப்பதில்லை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் பழமை அதற்கு உண்டு. அப்படிப்பட்ட மாநிலத்தில், சில கல்லூரிகளில் நோயாளியே வருவதில்லை. சிலவற்றில் நோயாளி வந்தாலும் பேராசிரியர் கத்தியைக் கையில் கொடுப்பதில்லை. எல்லாக் கல்லூரியும் அப்படி என்று சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கில் செய்துவிட்டு வெளியே வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் பாப்பா மாதிரி வருகிறவர்களும் நிறைய. அவர்களுக்கு இந்த ஃபெல்லோஷிப் அலங்காரம் இல்லை. அதில்தான் அவர்கள் கண் டாக்டராகவே ஆகிறார்கள். அதைத் தப்பான இடத்தில் எடுத்தால் தப்பு நம் கண்ணில் வந்து முடியும்.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எண்பதுகளில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, வகுப்பறைகளில் முகாம் நடக்கும். புரையோடு லென்ஸை முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள். உள்ளே எதுவும் வைக்க மாட்டார்கள். நாள் கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் போட்டால் வாசற்படி எங்கோ இருக்கிற மாதிரி தெரியும். கழற்றினால் ஒன்றுமே தெரியாது. கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடு. “முத்தட்டும், பழுத்த பிறகு எடுக்கலாம்” என்று நானே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த முறைக்கு அது சரி. இன்றைக்குச் சொன்னால் தப்பு.

கண்ணுக்குள் லென்ஸ் வைப்பதை ஹெரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேய டாக்டர் 1949-லேயே லண்டனில் செய்துவிட்டார். போர் விமானிகளின் கண்ணுக்குள் போன பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணைக் கெடுக்காமல் கிடந்ததைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. நம் கிராமத்துக்கு அது வந்து சேர நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. வெளிநாட்டு லென்ஸின் விலைதான் தடை. 1992-ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி அந்த லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். விலை சரிந்தது. உலக வங்கி உதவியோடு 1994-ல் தொடங்கிய கண்புரைத் திட்டத்தில் தமிழ்நாடும் சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் ‘லென்ஸ் வச்ச ஆபரேஷன்’ நம் பக்கத்துக்கு வந்தது. சோடாபுட்டி போயிற்று.

இப்போது இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று ஃபேக்கோ. சார்லஸ் கெல்மன் என்ற அமெரிக்க டாக்டர் 1967-ல் கொண்டுவந்தது. பல் டாக்டரிடம் போயிருந்தபோது பல்லைச் சுத்தம் செய்கிற, அதிர்கிற கருவியைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெட்டு வழியாக ஊசி போன்ற முனையை விட்டு, ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பார்கள். இன்னொன்று கையால் செய்கிற சிறுவெட்டு முறை. டாக்டர்கள் எஸ்.ஐ.சி.எஸ். என்பார்கள். வெள்ளை விழியில் ஆறு ஏழு மில்லிமீட்டருக்குச் சுரங்கம் மாதிரி சாய்வாக ஒரு வழி வெட்டி, புரைக் கொட்டையை அப்படியே வெளியே எடுத்து, லென்ஸை உள்ளே வைப்பார்கள். சாய்ந்த வெட்டு என்பதால் உள்ளே இருக்கும் அழுத்தத்தில் தானே மூடிக்கொள்ளும். தையல் கிடையாது. கோடி ரூபாய் மெஷினும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபேக்கோ லேசர் கிடையாது. நம் ஆட்கள் எல்லாவற்றையும் ‘லேசர்’ என்கிறோம். ஆஸ்பத்திரிக்காரர்களும் திருத்துவதில்லை, அவர்களுக்கு அது வசதி. புரைக்கு உண்மையாகவே லேசர் பயன்படுத்துகிற விலை அதிகமான முறை ஒன்று தனியாக இருக்கிறது. பிரான்சில் சுமார் 900 பேரை வைத்து அதைச் சாதாரண ஃபேக்கோவோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2020-ல் வந்தது. லேசர் எந்த விதத்திலும் மேலாக இல்லை, செலவுதான் அதிகம். லென்ஸ் வைத்த சில வருடம் கழித்துப் பின்னால் இருக்கும் சவ்வு மங்கினால் அடிப்பார்களே, யாக் லேசர், அது வேறு. அது தேவையான லேசர். ஐந்து நிமிட வேலை.

ஃபேக்கோ நல்ல முறைதான். அதை நான் குறை சொல்லவில்லை. வெட்டு சின்னது, கண் சீக்கிரம் தேறும், சிலிண்டர் பவர் குறைவாக வரும். கையில் காசும், சீக்கிரம் வந்து காட்டுகிற பழக்கமும் இருந்தால் ஃபேக்கோ செய்துகொள்ளுங்கள். என் சண்டை வேறு. எந்தக் கண்ணில், யார் கையால், எந்த வரிசையில் என்பதுதான் என் சண்டை.

புரையை நான் எப்போதும் பனங்காயை வைத்துத்தான் விளக்குவேன். சென்னையில் வங்கியில் வேலை பார்ப்பவர், எழுத்து லேசாக மங்கிய உடனே போய்க் காட்டுவார். அவர் புரை நுங்கு. உறிஞ்சினால் வந்துவிடும். நம் ஊர் ஆள் எப்போது போவார்? கடலை பிடுங்கிவிட்டுப் போகலாம், அறுப்பு முடியட்டும், கூட வர ஆள் இல்லை, பேத்தி கல்யாணம் ஆகட்டும், ஒரு கண்ணு தெரியுதில்ல போதும். இப்படியே தள்ளிப் போட்டுக் கடைசியில் வெளிச்சம் மட்டும் தெரிகிற நிலையில் கைத்தாங்கலாக வருவார். அப்போது அது நுங்கு இல்லை, பனங்கொட்டை. பழுப்பாகி, சில சமயம் கறுப்பாகவே இருக்கும். அதை மெஷினால் உடைக்க அதிக நேரம் அதிர்வு கொடுக்க வேண்டும். அந்தச் சூட்டிலும் அதிர்விலும் கருவிழியின் உட்புற செல்கள் அழியும். அவை மறுபடி முளைக்காது. ஃபேக்கோவில் கை தேர்ந்த ஒரு டாக்டர் பனங்கொட்டையையும் உடைத்துவிடுவார். ஆனால் கற்றுக்கொள்கிற கை?

எங்கள் தெருவில் ஒரு அத்தை. புரை கறுத்துப் போயிருந்தது. மகன் வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பி, “சாதாரண ஆபரேஷன் வேண்டாம், மெஷின்லயே பண்ணுங்க” என்று ஒரு நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தான். செய்தவர் இளம் டாக்டர், மரியாதையான பிள்ளை. பாதியில் லென்ஸ் உறையின் பின்சவ்வு கிழிந்துவிட்டது. இது உலகத்தில் எந்த டாக்டருக்கும் எப்போதாவது நடக்கும். அப்படி நடக்கும்போது கை தெரிந்தவர் மெஷினை நிறுத்திவிட்டு, வெட்டைப் பெரிதாக்கி, கொட்டையைக் கையால் வெளியே எடுத்துவிடுவார். இந்தப் பிள்ளைக்கு அந்த வழி பழக்கமில்லை. மெஷினையே மறுபடி மறுபடி ஓட்டியதில் கொட்டை கண்ணுக்குள் பின்பக்கம் விழுந்துவிட்டது. பிறகு விழித்திரை டாக்டர், இரண்டாவது ஆபரேஷன், மூன்று மாதம் அலைச்சல். கடைசியில் கை அசைவது தெரிகிற அளவுக்கு நின்றது. “கண்ணைக் குடுத்துட்டு வந்துட்டேன்டா” என்று அத்தை என்னிடம் சொன்னார். அந்த டாக்டரை நான் திட்டவில்லை. கையை முதலில் பழக்காமல் நேரே மெஷினில் உட்காரவைத்த அவருடைய படிப்பைத்தான் திட்டுகிறேன்.

“ஒரு அத்தை கதையை வைத்துப் பேசாதீர்கள்” என்று தம்பி சொல்லலாம். கணக்கு இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் தங்கள் சொந்த ஆஸ்பத்திரியின் கணக்கை 2012-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 79,777 புரை ஆபரேஷன்கள். அதில் 53,603 கையால் செய்த சிறுவெட்டு, 20,438 ஃபேக்கோ, மீதி பெரிய வெட்டு. ஆபரேஷனின்போது ஏற்பட்ட சிக்கல் எல்லா டாக்டர்களையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு முறையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நூற்றுக்கு ஒன்று. ஆனால் பயிற்சியில் இருந்தவர்கள் கணக்கை மட்டும் தனியாக எடுத்தால் வேறு கதை. கையால் செய்தபோது 1.46 சதவீதம். ஃபேக்கோவில் 4.8 சதவீதம். மூன்று மடங்குக்கு மேல். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? கற்றுக்கொள்கிறவர் எதை முதலில் கற்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. தன் ஆஸ்பத்திரியில் இத்தனை பேருக்குச் சிக்கல் ஆயிற்று என்று எண்ணி, எழுதி, அச்சில் போடுகிறார்களே, அப்படிப்பட்ட இடத்தில்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றும் தோன்றியது.

“கையால செஞ்சா பார்வை மட்டமா இருக்கும்ல?” இதுவும் தம்பியின் கேள்வி. நேபாளத்தில் சாந்துக் ருயித் என்ற டாக்டர் இருக்கிறார். மலை கிராமங்களில் முகாம் போட்டுப் புரை எடுப்பதில் பெயர் பெற்றவர். அங்கே முற்றிய புரை உள்ள 108 பேருக்குப் பாதிப் பேருக்கு ஃபேக்கோ, பாதிப் பேருக்குக் கையால் என்று செய்து பார்த்தார்கள். ஃபேக்கோ செய்தது அமெரிக்காவிலிருந்து வந்த தேர்ந்த டாக்டர். 2007-ல் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் நூற்றுக்கு 98 பேருக்கு நல்ல பார்வை. கையால் செய்ய ஆன நேரம் சராசரி 9 நிமிடம், ஃபேக்கோவுக்குப் பதினைந்தரை நிமிடம். செலவும் கையால் செய்ததில்தான் குறைவு. மட்டமான முறையா இது? மலிவாக இருப்பதெல்லாம் மட்டம் என்று நாம் பழகிவிட்டோம். அவ்வளவுதான்.

‘முகாம், இலவசம்’ என்று தம்பி இளக்காரமாகச் சொன்னாரே, அதற்கும் வருகிறேன். டாக்டர் கோ. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர். இளம் வயதிலேயே மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். அந்தக் கோணல் விரலை வைத்துக்கொண்டு கத்தி பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சம் ஆபரேஷனுக்கு மேல் செய்தார். மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுத் தலைவராக இருந்து, 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கையோடு மதுரையில் அரவிந்தைத் தொடங்கினார். நாம் ஓய்வு பெற்றதும் மூட்டுவலியைச் சொல்லிக்கொண்டு ஈசிசேரில் சாய்கிறோம். அவர் அப்போதுதான் ஆரம்பித்தார். இன்றைக்கு உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ எம்.எஸ்.ஸுக்குச் சமமான படிப்பு முடித்த டாக்டர்கள் கையால் புரை எடுக்கக் கற்றுக்கொள்ள மதுரைக்கு வருகிறார்கள். நம் பிள்ளைக்கு மட்டும் மதுரை பஸ் இளக்காரமாகத் தெரிகிறது.

அரவிந்தில்தான் சேர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல இடங்கள் வேறும் உண்டு. திருச்சியில் ஜோசப், சென்னையில் 1978-ல் டாக்டர் பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயா, கோவையில் சங்கரா, ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் என்று பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. பெயரைப் பார்த்துச் சேராதே என்பதுதான் என் பேச்சு. பெரிய பெயர் இருக்கிற இடத்தில் கூட, கண்ணாடி பவர் பார்க்கவும், டிஸ்சார்ஜ் சீட்டு எழுதவும், வெளிநோயாளி வரிசையைத் தள்ளவும் குறைந்த சம்பளத்துக்கு ஆள் வேண்டும் என்பதற்காக ஃபெல்லோ எடுக்கிற வழக்கம் ஆங்காங்கே உண்டு. இரண்டு வருடம் கழித்துச் சுவரில் மாட்ட ஒரு காகிதம் கிடைக்கும். கை அதே எண்ணிக்கையில் நிற்கும்.

அதனால் பாப்பா, நீ சேரப்போகும் இடத்தில் இதையெல்லாம் கேள். வெட்கப்படாதே. ஆறு மாதத்தில் நானே முழுசாகச் செய்யும் ஆபரேஷன் எத்தனை இருக்கும்? அசிஸ்ட் பண்ணுவது கணக்கில் வராது. முதல் ஐம்பது கண் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தேவைப்பட்டால் கையிலிருந்து வாங்கிச் செய்ய ஒரு மூத்த டாக்டர் இருப்பாரா? வருகிற புரையில் முற்றியது எத்தனை, நுங்கு எத்தனை? சவ்வு கிழிந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லித்தருவார்களா, அல்லது அந்த நேரத்தில் உன்னை எழுப்பிவிட்டு அவர்களே முடித்துக்கொள்வார்களா? என் நோயாளிகளை ஒரு மாதம் கழித்து நானே பார்த்து, என் சிக்கல் கணக்கை நானே எழுதிவைக்க விடுவார்களா? இதை ஆஸ்பத்திரி முதலாளியிடம் கேட்காதே. போன வருடம் அங்கே முடித்துவிட்டு வந்த பிள்ளையிடம் கேள். அது உண்மையைச் சொல்லும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அது நம் மண்ணுக்கே உரிய கேள்வி. ஆபரேஷன் தியேட்டர் சுத்தத்தை யார் சொல்லித்தருவார்? 2008 ஜூலையில் பெரம்பலூரில் நடந்ததை நாம் யாரும் மறக்க முடியாது. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து முகாமில் சேர்த்துக் கூட்டி வந்து, ஒரு தனியார் கண் மருத்துவமனையில் புரை எடுத்தார்கள். கிருமித் தொற்றில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் கண் போயிற்று. அவ்வளவு பேரும் ஏழைகள். அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் எந்தத் தெருவில் போய் ‘முகாம்’ என்று சொன்னாலும் கதவைச் சாத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கை எவ்வளவு தேர்ந்திருந்தாலும் கருவி கொதித்ததா, கண்ணுக்குள் விடுகிற திரவம் சுத்தமா என்று பார்க்காத டாக்டர் ஒரே நாளில் அத்தனை கண்ணையும் கெடுத்துவிட முடியும். நாளைக்கு நீ அரியலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ சின்னதாக ஒரு தியேட்டர் வைத்தால் அதற்கெல்லாம் நீதான் பொறுப்பு. ஏர்போர்ட் மாதிரி இருக்கும் ஆஸ்பத்திரியில் அதை வேறு யாரோ கீழ்த்தளத்தில் பார்த்துக்கொள்வார்கள். உன் கண்ணில் படவே படாது.

இப்போது தம்பியின் கோபத்தில் இருக்கும் நியாயத்துக்கு வருகிறேன். நிலம் விற்றது உண்மை. கடன் இருப்பது உண்மை. பெண் பிள்ளை, இன்னும் இரண்டு வருடம் என்றால் கல்யாணப் பேச்சு தள்ளிப்போகும் என்ற கவலையும் அவருக்கு இருக்கிறது, வாய்விட்டுச் சொல்லவில்லை. சம்பாத்தியம் ஃபேக்கோவில்தான் என்று அவர் நினைக்கிறார். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. பாப்பா ஃபேக்கோவே கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கற்கத்தான் வேண்டும். கையால் நானூறு ஐந்நூறு கண் செய்து, கண்ணுக்குள் எங்கே எது இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்த பிறகு மெஷினில் உட்காரட்டும். அப்போது மெஷின் அவளுக்கு வேலைக்காரன். இப்போதே உட்கார்ந்தால் அது அவளுக்கு எஜமான்.

வருமானத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. சென்னையில் தெருவுக்கு இரண்டு ஃபேக்கோ டாக்டர்கள். அங்கே உங்கள் மகள் பத்து வருடம் யாரிடமாவது சம்பளத்துக்குத்தான் இருப்பாள். இங்கே அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, ஆனால் கொள்ளிடக்கரையிலிருந்து சிமெண்ட் ஆலைப் பக்கம் வரைக்கும் புரை முற்றிக் கிடக்கிற கண்கள் இன்னும் எத்தனை! இன்றைக்கும் நம் ஆட்கள் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் பஸ் ஏறுகிறார்கள். நல்ல கை உள்ள டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தால், பனங்கொட்டைக்காரரும் வருவார், காசு உள்ள நுங்குக்காரரும் அவருக்குப் பின்னாலேயே வருவார். முதல் ஆளுக்குக் கண் தெரிந்தது என்ற செய்தியைவிடப் பெரிய விளம்பரம் கிராமத்தில் கிடையாது. அதை முப்பது வருடம் பார்த்தவன் நான்.

தொண்ணூறுகளில் ஒரு முகாம். பாதி ஆபரேஷனில் கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டர் இழுத்து இழுத்துப் பார்த்தும் பிடிக்கவில்லை. மைக்ரோஸ்கோப் விளக்கு அணைந்துவிட்டது. அந்த அம்மா டாக்டர் பதறவே இல்லை. “டார்ச்சைக் கிட்டக் கொண்டு வாங்க, கை ஆடாம பிடிங்க” என்றார். நான் பிடித்தேன். என் கைதான் ஆடியது, அவர் கை ஆடவில்லை. முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு பல வருடம் தினமும் டீக்கடையில் பேப்பர் படித்தார். அந்த மாதிரி ஒரு கை எங்கே கிடைக்குமோ அங்கே உங்கள் மகளை அனுப்புங்கள் என்றுதான் சொன்னேன்.

கடைசியாக நமக்கும் ஒரு குட்டு. பிள்ளைகளை மெஷின் பக்கம் தள்ளுவதே நாம்தான். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் “லேசர்ல பண்ணுவீங்களா?” என்று கேட்கிறோம். “இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கீங்க, எத்தனை பேருக்குச் சிக்கல் வந்துச்சு?” என்று ஒருவரும் கேட்பதில்லை. மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம். கண்ணைக் கொடுக்கப் போகும்போது கட்டிடத்தைப் பார்க்கிறோம். நாம் கேட்கிற கேள்வி மாறினால் அவர்கள் படிக்கப் போகிற இடமும் மாறும்.

எனக்கே வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது. ராத்திரியில் லாரி விளக்கு வட்டம் வட்டமாகத் தெரிகிறது. இன்னும் நுங்குதான், ஒரு வருடம் தாங்கும் என்று நினைக்கிறேன். பாப்பா எங்கேயாவது சேர்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்தால் முதல் ஆளாகப் போய்ப் படுக்கத் தயாராக இருக்கிறேன். இது வெறும் வாய்ப்பேச்சு என்று தம்பி நினைத்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

சேர்வதற்குக் கடைசித் தேதி இந்த மாதக் கடைசி என்றாள். தம்பி, கோபம் ஆறியிருந்தால் வீட்டுக்கு வாருங்கள். அந்தப் பாதிக் காப்பிக்குப் பதிலாக முழு டம்ளரே தருகிறேன். பாப்பாவையும் கூட்டி வாருங்கள்.